பித்தநீரும் இருதயமும்



நம் வீடுகளில் பித்தம் என்னும் சொல் அடிக்கடி பேசப்படுகிறது. காலையில் எழுந்ததும் தலை சுற்றினால் பித்தம். வாய் கசந்தால் பித்தம். இளவயதில் முடி நரைத்தால் பித்தம். குதிகாலில் வெடிப்பு கண்டால் அதற்கும் பித்தவெடிப்பு என்றே பெயர். பிழைப்புக்காக மும்பைக்கும் தில்லிக்கும் சூரத்துக்கும் பெங்களூருவுக்கும் வந்து இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்த குடும்பங்களிலும் இந்தச் சொல் மறக்கப்படவில்லை. வாதம், பித்தம், கபம் என்று சித்த வைத்தியம் சரீரத்தின் தன்மைகளை மூன்றாக வகுத்ததிலிருந்து வந்த வழக்கு இது. அந்தப் பித்தம் விரிந்த பொருளுடையது. இம்மாதம் நாம் சிந்திக்கப்போவது, கல்லீரலில் சுரந்து, பித்தப்பையில் தங்கி, குடலில் இறங்குகிற பசுமஞ்சள் நிறமான பித்தநீரைப்பற்றி மாத்திரமே. யோபு தன் துயரத்தின் உச்சியில், தன் பித்தம் நிலத்தில் கொட்டப்பட்டதாகப் புலம்பினானே (யோபு 16:13), அந்தக் கசப்பான நீர்தான் இது.

இதற்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். மிக நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதை அறியாததினால் நம்முடைய ஜனங்கள் இரண்டு வகையில் சேதமடைகிறார்கள். மாரடைப்பின் வலியைப் பித்தமென்றும் வாயுவென்றும் எண்ணி, சோடா குடித்துப் படுத்துக்கொள்கிறவர்கள் ஒரு சாரார். ஜெபத்துக்குப் பின் உடல் நலமாயிருக்கிறது என்று சொல்லி, கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் மறு சாரார். இரு சாராரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

கொலஸ்ட்ரால் வெளியேறும் வழி

கொலஸ்ட்ரால் என்றாலே அது விஷம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நம் சரீரத்திலுள்ள ஒவ்வொரு உயிரணுவின் சுவரிலும் அது இருக்கிறது. சில முக்கியமான ஹார்மோன்களும், சூரிய ஒளியினால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி-யும் அதே மூலப்பொருள் வழியாகவே உருவாகின்றன. நாம் உண்ணும் உணவில் கொலஸ்ட்ரால் சிறிதும் இல்லாவிட்டாலும், சரீரம் தனக்குத் தேவையானதைத் தானே தயாரித்துக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சும்போதுதான் தொல்லை.

சர்க்கரையையும் கொழுப்பையும் சரீரம் எரித்துச் சக்தியாக்கிவிடும். கொலஸ்ட்ராலின் வளையங்களாலான உருவத்தை உடைத்து எரிக்க மனித சரீரத்துக்கு வழியில்லை. ஆகவே மிஞ்சியதை வெளியே அனுப்பித்தான் ஆகவேண்டும். அதற்குரிய பிரதான வாசல் பித்தநீர். கல்லீரல் கொலஸ்ட்ராலில் ஒரு பங்கை அப்படியே பித்தநீரில் கலந்து அனுப்புகிறது. இன்னொரு பங்கைப் பித்த அமிலங்களாக மாற்றி அனுப்புகிறது. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் கொலஸ்ட்ரால் மலத்தோடு வெளியேறுகிறது.

பித்த அமிலங்களுக்கு வேறு முக்கியமான ஊழியமும் உண்டு. எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலவாது. எண்ணெய்ப் பாத்திரத்தைத் துலக்கச் சோப்பு வேண்டும். அவ்வாறே உணவிலுள்ள எண்ணெயையும் நெய்யையும் நுண்ணிய துளிகளாக்கிச் செரிக்கச் செய்வது இந்த அமிலங்களே. வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை சரீரத்தில் சேருவதற்கும் இவை தேவை.

மூன்று கிராமின் ஓயாத பயணம்

ஆச்சரியமான காரியம் ஒன்றைக் கவனியுங்கள். நம் சரீரத்தில் எந்த நேரத்திலும் இருக்கும் பித்த அமிலம் சுமார் 3 கிராம் மாத்திரமே. ஆனால் ஒரு நாளில் குடலுக்குள் வந்து வேலை செய்யும் பித்த அமிலமோ 20 கிராமுக்கும் மேல். இது எப்படிக் கூடும்?

மும்பையின் புறநகர் ரயில்களை நினைத்துப் பாருங்கள். அதே ரயில்கள் காலைமுதல் இரவுவரை சர்ச்கேட்டுக்கும் விராருக்கும் இடையே போவதும் வருவதுமாக இருப்பதினால்தான் அத்தனை இலட்சம் ஜனங்களைச் சுமக்க முடிகிறது. பித்த அமிலமும் அப்படியே. கல்லீரலிலிருந்து புறப்பட்டுக் குடலில் இறங்கி, கொழுப்பைச் செரிக்கச் செய்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியை அடையும்போது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு மறுபடியும் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்கே திரும்பி வருகிறது. இப்படி ஒரு நாளில் பலமுறை சுற்றி வருகிறது. மீதி ஐந்து பங்கு மலத்தோடு போய்விடுகிறது. போனதை ஈடுசெய்ய, கல்லீரல் தினமும் ஏறக்குறைய அரை கிராம் பித்த அமிலத்தைப் புதிதாகத் தயாரிக்கிறது. எதிலிருந்து? கொலஸ்ட்ராலிலிருந்து.

இந்த இடத்தில்தான் இருதயத்தின் காரியம் வருகிறது. அதிகமான பித்த அமிலம் திரும்பி வராமல் வெளியே போய்விட்டால், கல்லீரல் அதிகமான கொலஸ்ட்ராலைச் செலவழித்துப் புதிய பித்த அமிலம் செய்தாக வேண்டும். அதற்கான கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்லும் எல்.டி.எல். குறையும். இருதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய்களின் சுவரில் படிந்து, ஆண்டுக்கணக்கில் தடித்து, ஒரு நாள் வெடித்து இரத்தக்கட்டியை உண்டாக்குவது இந்த எல்.டி.எல்.தான். அது குறைந்தால் மாரடைப்பின் அபாயமும் குறையும்.

ஆராய்ச்சியாளர் கண்டறிந்தவை

இது ஒரே நாளில் அறியப்பட்டதல்ல. பித்த அமிலங்களின் அமைப்பை ஆராய்ந்ததற்காக ஜெர்மனியைச் சேர்ந்த ஹைன்ரிக் வீலாண்டுக்கு 1927-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. கொலஸ்ட்ராலே பித்த அமிலமாக மாறுகிறது என்பதை, அடையாளமிடப்பட்ட கொலஸ்ட்ராலை ஒரு நாய்க்குக் கொடுத்து, கான்ராட் பிளாக்கும் அவரோடு உழைத்தவர்களும் 1943-இல் காட்டினார்கள். பிளாக் 1964-இல் நோபல் பரிசு பெற்றார். கல்லீரல் எப்படி இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐப் பிடித்திழுக்கிறது என்பதை அமெரிக்க மருத்துவர்களான மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் விளக்கி, 1985-இல் அதே பரிசைப் பெற்றார்கள். கல்லீரல் அணுக்களின் மேல் எல்.டி.எல்.-ஐப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. உள்ளே கொலஸ்ட்ரால் குறைவுபட்டால், கல்லீரல் இந்த ஏற்பிகளை அதிகமாக்கிக்கொள்ளும் என்பதே அவர்கள் கண்டது.

இந்த அறிவை முதலில் கத்தியினால் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்றி புக்வால்ட். பித்த அமிலம் உறிஞ்சப்படும் சிறுகுடலின் கடைசிப் பகுதியை உணவு தொடாமல் கடந்துபோகும்படி, 1963-இல் அவர் குடலை மாற்றி இணைத்தார். பின்பு, ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்த 838 பேரை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மாத்திரம் இந்தச் சிகிச்சையைச் செய்து பல ஆண்டுகள் கவனித்தார்கள். 1990-இல் வெளியான முடிவின்படி, அறுவை சிகிச்சை பெற்றவர்களின் எல்.டி.எல். மற்றவர்களைக் காட்டிலும் 38 சதவீதம் குறைவாயிருந்தது. இருதய நோயினால் மரணமும் மறுபடி மாரடைப்பும் சேர்ந்து 35 சதவீதம் குறைந்தன. ஆனால் வயிற்றுப்போக்கும் சிறுநீரகக் கல்லும் இச்சிகிச்சையின் பின்விளைவுகளாக இருந்தன. நல்ல மாத்திரைகள் வந்தபின் இதற்குத் தேவை இல்லாமற்போயிற்று.

கத்தியில்லாமல் அதே வேலையைச் செய்தது ஒரு பொடி. கொலஸ்டிரமின் என்பது அதன் பெயர். அது இரத்தத்தில் சேராது. குடலுக்குள்ளேயே பித்த அமிலத்தைப் பற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். கொலஸ்ட்ரால் அதிகமாயிருந்த 3,806 ஆண்களைக்கொண்டு அமெரிக்காவில் சராசரியாக 7.4 ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 1984-இல் வெளியாயிற்று. பொடியைப் பெற்றவர்களிடத்தில் மாரடைப்பும் இருதய நோய் மரணமும் 19 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன. கொலஸ்ட்ராலைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்பதற்கு அந்நாளில் கிடைத்த பலமான அத்தாட்சி இதுவே. ஆனால் தினமும் 24 கிராம் பொடியைக் கரைத்துக் குடிப்பது எளிதல்ல. மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் பலரை வருத்தின.

எதிர்ப்புறத்திலிருந்தும் ஓர் அத்தாட்சி உண்டு. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் முதல் படியைச் செய்கிற நொதி பிறவியிலேயே செயல்படாத ஒரு குடும்பத்தைப்பற்றி, கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் எழுதினார்கள். அக்குறை முழுமையாக இருந்தவர்களுக்கு எல்.டி.எல். அதிகமாயிருந்தது. பித்தப்பைக் கல்லும் இளவயதிலேயே கண்டது. ஒருவருக்கு இரத்தக்குழாய் அடைப்பும் இருந்தது. வழி அடைபட்டால் சரக்கு தேங்கும் என்பதற்கு இது சாட்சி.

இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதிக்கொடுப்பது ஸ்டாட்டின் வகை மாத்திரைகளை. ஜப்பானியரான அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, 1973-இல் இந்த வகையின் முதல் மருந்தைக் கண்டுபிடித்தார். கல்லீரல் தானே கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதை இவை தடுக்கின்றன. அப்போதும் கல்லீரல் குறைவுபட்டு, இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்கிறது. வழி வேறு, சேரும் இடம் ஒன்றே. ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஏற்கெனவே இருதய நோயுற்ற 4,444 பேரை வைத்து நடந்த ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களிடம் மரணமே 30 சதவீதம் குறைந்ததாக 1994-இல் அறியப்பட்டது.

நம்முடைய சமையலறையில்

அந்தப் பொடி செய்த வேலையைச் சிறிய அளவில் செய்கிற ஆகாரங்களைத் தேவன் பூமியில் முளைக்கப்பண்ணியிருக்கிறார். தண்ணீரில் ஊறினால் கொழகொழவென்று கூழாகும் நார்ச்சத்துள்ள பொருட்கள் அவை. இந்தக் கூழ் குடலில் பித்த அமிலத்தைச் சிறைப்பிடித்து வெளியே கொண்டுபோகிறது. பார்லி, ஓட்ஸ், காராமணி, கொள்ளு, பருப்பு வகைகள், வெண்டைக்காய், கத்தரிக்காய், கொய்யா, ஆரஞ்சு, ஆப்பிள், வெந்தயம், இசப்கோல் ஆகியவற்றில் இது உண்டு.

பார்லி என்றதும் அது நோயாளிகளின் கஞ்சி என்று ஒதுக்கவேண்டாம். வேதத்தில் வாற்கோதுமை என்று நாம் வாசிப்பது அதைத்தான். போவாசின் வயலில் ரூத் பொறுக்கிச் சேர்த்தது அதுவே (ரூத் 2:17). ஆண்டவர் திரளான ஜனங்களைப் போஷிப்பதற்காக ஒரு சிறுவனிடத்தில் இருந்த ஐந்து அப்பங்களும் வாற்கோதுமையினால் செய்யப்பட்டவையே (யோவான் 6:9). அது ஏழைகளின் உணவாக இருந்தது. பார்லியிலும் ஓட்ஸிலும் உள்ள பீட்டா குளுக்கன் என்னும் நார்ச்சத்து நாளொன்றுக்கு 3 கிராம் கிடைத்தாலே கொலஸ்ட்ரால் ஓரளவு குறைகிறது. தினமும் ஒரு பெரிய கிண்ணம் ஓட்ஸ் அல்லது பார்லிக் கஞ்சி அதற்குப் போதும். இசப்கோலை ஒழுங்காக எடுக்கிறவர்களுக்கு எல்.டி.எல். 5 முதல் 10 சதவீதம்வரை குறையக்கூடும். அதை நிறையத் தண்ணீரோடு எடுக்கவேண்டும். வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் அவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும். இல்லாவிட்டால் இது மாத்திரையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

பட்டணத்து வாழ்க்கையில் நம்முடைய சாப்பாடு மாறிவிட்டது. ஊரில் கேழ்வரகும் கம்பும் பயறும் உண்டவர்களின் பிள்ளைகள், இங்கே ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் வடாபாவும், வேலையிடத்தில் நான்கைந்து முறை சர்க்கரைத் தேநீரும் பிஸ்கட்டும், இரவு வேலை முடிந்து நடுராத்திரியில் பொரித்த உணவும் உண்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டில் இறைச்சி சமைப்பது நமக்கு மகிழ்ச்சியான வழக்கம். அதை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. இறைச்சியின் கொழுப்பை நீக்கிச் சமையுங்கள், அளவாக உண்ணுங்கள், கூடவே வெண்டைக்காயோ காராமணியோ இருக்கட்டும். மாட்டின் கொழுப்பையும் ஆட்டின் கொழுப்பையும் புசிக்கலாகாது என்று இஸ்ரவேலருக்குக் கட்டளை இருந்ததை (லேவியராகமம் 7:23) நாம் அறிவோம். அது பலிக்குரிய பிரமாணமாகக் கொடுக்கப்பட்டது என்றாலும், அதைக் கைக்கொண்ட சரீரத்துக்கும் நன்மையாகவே இருந்திருக்கும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கஞ்சியும் இசப்கோலும் மாத்திரைக்குத் துணை. மாத்திரைக்குப் பதில் அல்ல. மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்கவேண்டும் என்று இன்றைய இருதய மருத்துவர்கள் விரும்புகிறார்கள். உணவினால் மாத்திரம் அந்த அளவை அடைவது பெரும்பாலானோருக்குக் கூடாத காரியம்.

உபவாச நாட்களில்

உபவாசமும் ஜெபமும் நம் சபைகளின் பலம். 3 நாள், 21 நாள், 40 நாள் என்று உபவாசிக்கிறவர்கள் நம்மில் அநேகர். அவர்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. நாம் உண்ணும்போதுதான் பித்தப்பை சுருங்கித் தன்னிலுள்ளதைக் குடலில் ஊற்றுகிறது. நெடுநாள் உண்ணாதிருந்தால் பித்தநீர் தேங்கிக் கெட்டியாகும். சரீர எடையும் வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு அதிகம்.

ஆரோக்கியமுள்ளவர்கள் உபவாச நாட்களில் போதுமான தண்ணீர் குடிக்கவேண்டும். நீண்ட உபவாசத்தைச் சிறிது சிறிதாகத் தொடங்கி, சிறிது சிறிதாக முடிக்கவேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்களும், இருதய நோய்க்கு மருந்து எடுக்கிறவர்களும் மருத்துவரிடம் கேளாமல் முழு உபவாசத்தில் இறங்கவேண்டாம். சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்டு உணவை விட்டால் மயக்கம் வரும். இருதய மாத்திரையை விட்டால் அபாயம் வரும். தானியேல் மரக்கறி உணவோடு கர்த்தருக்குமுன் நின்றானே (தானியேல் 1:12). நோயுள்ளவர்கள் அப்படிப்பட்ட எளிய ஆகாரத்தோடு ஜெபத்தில் தரித்திருக்கலாம்.

பித்தமென்று எண்ணி ஏமாறாதிருங்கள்

பித்தப்பைக் கல்லின் வலி மேல்வயிற்றில் தோன்றி, நெஞ்சுக்கும் வலது தோளுக்கும் ஏறும். மாரடைப்பின் வலியும் சிலருக்கு மேல்வயிற்றில் எரிச்சலாகவும் வாந்தியாகவும் தோன்றும். வெளியே நின்று பார்த்து இன்னதென்று பிரித்தறிய மருத்துவராலும் எளிதில் முடியாது, ஈ.சி.ஜி.-யும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். அப்படியிருக்க, அது பித்தம்தான், அது வாயுதான் என்று வீட்டில் தீர்ப்புச் சொல்வது எத்தனை ஆபத்து!

2007-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்ற நாட்டவருக்கு 59 வயதை ஒட்டி வருகிறது. அதாவது நம்முடைய குடும்பத் தலைவர்கள், பிள்ளைகளின் படிப்பும் கலியாணமும் முடியுமுன்னே, உழைத்துக்கொண்டிருக்கும் வயதிலேயே விழுந்துபோகிறார்கள். ஊரில் உறவினர் சூழ இருந்தவர்களுக்கும் இது பெரிய இழப்பு. அந்நிய மொழி பேசும் பட்டணத்தில், ஒரே அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்கோ சொல்லவேண்டியதில்லை.

ஆகவே இந்த அடையாளங்களைக் குடும்பத்தில் எல்லாரும் அறிந்திருங்கள். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், காரணமில்லாத மிகுந்த சோர்வு. பெண்களுக்கும் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல், மேல்வயிற்று எரிச்சலும் சோர்வும் மாத்திரம் வரலாம். இவை கண்டால் இஞ்சிச் சாறு, சோடா, தைலம் என்று நேரத்தைக் கடத்தவேண்டாம். நோயாளியை நடக்கவும் மாடியேறவும் விடாதேயுங்கள். உங்கள் மாநிலத்தில் இயங்கும் 108 அல்லது 112 எண்ணுக்கு உடனே அழையுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய மருத்துவமனைக்கே போங்கள். போகிற வழியிலும் ஜெபிக்கலாம். போதகருக்குத் தொலைபேசியில் சொல்லலாம். போதகர் வந்து ஜெபித்தபின் போகலாம் என்று காத்திருக்கவேண்டாம். அடைப்பை நீக்கும் சிகிச்சை, முதல் மணி நேரங்களில் செய்யப்பட்டால் இருதயத் தசையில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடும். பின்பு வலி நீங்கினாலும் செத்துப்போன தசை திரும்ப வராது.

ஜெபமும் மாத்திரையும்

நம் கர்த்தர் நேற்றும் இன்றும் சுகமளிக்கிறவர் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அவருடைய தழும்புகளின் வல்லமையை நம் சபைகளில் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆனால் விசுவாசம் என்று எண்ணி மாத்திரையைத் தூக்கியெறிவதைக்குறித்து வேதத்தின் வெளிச்சத்தில் சற்றே சிந்திப்போம்.

எசேக்கியா ராஜா மரணப்படுக்கையில் கண்ணீரோடு ஜெபித்தபோது, கர்த்தர் அவனுடைய ஆயுசில் 15 வருஷத்தைக் கூட்டுவதாக வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தபின்பும், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் வைக்கும்படி ஏசாயா தீர்க்கதரிசி சொன்னார் (2 இராஜாக்கள் 20:7). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வீட்டில் ஒரே நாளில் இருந்தன; ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை. பவுலோடு ஊழியத்தில் நின்ற லூக்கா ஒரு வைத்தியன் (கொலோசெயர் 4:14). நல்ல சமாரியன் காயப்பட்டவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, சத்திரத்துக்கும் கொண்டுபோனான் (லூக்கா 10:34).

குஷ்டரோகிகள் பத்துப்பேரையும் நினைத்துப் பாருங்கள். ஆசாரியர்களிடத்தில் போய்த் தங்களைக் காண்பிக்கும்படி ஆண்டவர் அவர்களை அனுப்பினார் (லூக்கா 17:14). நியாயப்பிரமாணத்தின்படி, ஒருவன் சுத்தமானானா என்று சோதித்துச் சொல்ல வேண்டியவன் ஆசாரியன். ஆண்டவர் தாம் செய்த அற்புதத்தைச் சோதனைக்கு விலக்கிவைக்கவில்லை. நமக்கும் அது மாதிரியாக இருக்கட்டும். கர்த்தர் எனக்குச் சுகம் தந்தார் என்று விசுவாசிக்கிறவர் மருத்துவரிடத்தில் போய் இரத்தத்தைப் பரிசோதிக்கட்டும். மருந்தைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை அவர் சொல்லட்டும். அப்பொழுது சாட்சியும் பலமாக நிற்கும்.

கொலஸ்ட்ராலுக்கு வலியில்லை என்பதை மறவாதேயுங்கள். மாத்திரையை நிறுத்திய மறுநாள் ஒன்றும் தெரியாது; மறுவாரமும் தெரியாது. ஆனால் சில வாரங்களுக்குள் எல்.டி.எல். பழைய அளவுக்கு ஏறிவிடும். நன்றாயிருக்கிறேன் என்னும் உணர்வு, இரத்தக்குழாய்க்குள் நடப்பதைக் காட்டுகிற கண்ணாடியல்ல. தசைவலி முதலான தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும் வேறு மருந்துக்கு மாற்றவும் வழியுண்டு. செலவைக்குறித்துக் கவலைப்படுகிறவர்கள், மக்கள் மருந்தகம் என்னும் ஜன் ஔஷதி கடைகளில் இதே மருந்துகள் மிகக் குறைந்த விலையில் கிடைப்பதை அறிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஜெபத்துக்கு வருகிறவரிடம், மாத்திரையைத் தொடர்ந்து எடுக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தை, மருத்துவரின் பத்து வார்த்தைகளைவிட அதிகமாக அவர் உள்ளத்தில் தங்கும்.

நாற்பது வயதைக் கடந்த யாவரும் வருஷத்துக்கு ஒருமுறை இரத்தக் கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், நாற்பதுவரை காத்திராதேயுங்கள். புகையிலையை எந்த உருவத்திலும் வீட்டுக்குள் சேர்க்காதேயுங்கள். ரயில் நிலையத்துக்கு நடந்து போவதும் நல்ல பயிற்சியே.

மூன்று கிராம் கசப்பான நீரைக்கொண்டு, நாம் உண்ணும் உணவையும் நம் இரத்தத்தையும் இருதயத்தையும் ஒன்றோடொன்று இணைத்திருக்கிற சிருஷ்டிகரின் ஞானத்துக்காக அவரை ஸ்தோத்திரிப்போம். அவர் தங்கியிருக்கும் ஆலயமாகிய இந்தச் சரீரத்தை (1 கொரிந்தியர் 6:19) உண்மையுள்ள உக்கிராணக்காரராகப் பேணிக் காப்போம். கர்த்தர் உங்கள் குடும்பத்தலைவர்களையும் தாய்மாரையும் நீடித்த ஆயுசினால் திருப்தியாக்குவாராக. ஆமென்.

கர்த்தருக்குச் சித்தமானால், அடுத்த இதழில் சர்க்கரை வியாதியும் சிறுநீரகமும் என்பதைக்குறித்துச் சிந்திப்போம்.